கமரா பழுதில்லை, மச்சான்

யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் மின்னஞ்சலும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். பொங்கலோடு மழை ஓய்ந்துவிட்டது. பண்ணைக் கடலில் தண்ணீர் தெளிந்து, காலையில் பாலத்தடியில் நின்றால் மண்டைதீவு துல்லியமாகத் தெரிகிறது. மற்றக் கதைகளைப் பிறகு எழுதுகிறேன். கமராவை விற்றுவிடப் போவதாக எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் மனம் கேட்கவில்லை, அதற்குத்தான் முதலில் பதில். விற்காதே. உன் கமராவில் பழுது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம், தானாக மாறுகிறது என்று நீ சொன்னதும், ஷட்டர் முழுவதையுமே மாற்ற வேண்டும் என்று அங்கே ஒரு திருத்துநர் விலை சொன்னாராம். அவர் உன் படங்களில் ஒன்றையாவது திறந்து பார்த்தாரா? பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஷட்டர் தேய்ந்தால் முகப்பில் தெரியும் எண் மாறாது. 1/1000, அதாவது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்று வைத்தால் 1/1000 என்றே காட்டிக்கொண்டிருக்கும். படம்தான் கெடும். ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும், அல்லது ஒரு பக்கம் வெளிறி மறுபக்கம் இருளும். ஷட்டரின் திரைகள் பிந்தி ஓடுவது கமராவுக்குத் தெரியாது. தனக்குக் கிடைத்த கட்டளையைத்தான் அது எண்ணாக எழுதுகிறது. உனக்கோ எண்ணே மாறுகிறது. அப்படியென்றால் எங்கிருந்தோ ஒரு கட்டளை போகிறது. அது எங்கிருந்து போகிறது என்றுதான் நாம் தேட வேண்டும்.

நல்லூர்த் தேரன்று நீ எடுத்த படங்களை எடுத்துக்கொள். 24ஆம் திருவிழா, காலை வெயில் ஏறாத நேரம், தேர் இருப்பிலிருந்து நகரத் தொடங்கும் இடம். படங்களின் விபரத்தைக் கணினியில் திறந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் லென்ஸின் திறப்பான அபேச்சர் எஃப் 8, ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 200, அசைவே இல்லை. ஷட்டர் வேகம் மட்டும் 1/125, 1/500, 1/30. அடுத்தது மறுபடியும் 1/125, 1/500, 1/30. அதற்கடுத்தும் அப்படியே. வடக்கயிறு பிடித்தவர்களின் வெள்ளை வேட்டி ஒரு படத்தில் சரியாக இருக்கிறது, அடுத்ததில் சாம்பல் நிறம், மூன்றாவதில் மடிப்பே தெரியாத வெறும் வெள்ளை. பழுதடைந்த பொருள் இப்படி ஒழுங்காகத் தாளம் போடாது. இது பிராக்கெட்டிங், மச்சான். வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் சொன்னபடி ஒன்று, அதிலிருந்து இரண்டு படி குறைத்து ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று என்று மும்மூன்றாக எடுக்கும் வசதி. அபேச்சரையும் ஐஎஸ்ஓவையும் நீ கட்டிப் போட்டுவிட்டதால், கூட்டவும் குறைக்கவும் அதற்குக் கிடைத்தது ஷட்டர் வேகம் மட்டும்தான்.

அது எப்படி இயங்கத் தொடங்கியது என்று கேட்பாய். சில கமராக்களில் அதற்குரிய பொத்தான் முன்பக்கம், லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும். லென்ஸைத் தாங்கும் இடது கை விரல் படும் இடம். அதை அழுத்தியபடி பின்சில்லு திரும்பினால் போதும். தேர் அசையும்போது அந்தச் சனத்துக்குள் நின்ற எவருடைய விரலும் எதிலும் படும். சில கமராக்களில் மின்னை நிறுத்தினால் இது அழிந்துவிடும், சிலவற்றில் நாமாகச் சுழியத்துக்குக் கொண்டுவரும் வரை அப்படியே இருக்கும். உன்னுடையது இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். அதனால்தான் ரொறன்ரோவுக்குப் போன பிறகும் பேய் விடாததுபோல் தொடர்ந்திருக்கிறது.

இணுவில் கலியாண வீட்டு மாலைப் படங்களின் கதை வேறு. எல்லாம் 1/60இல் நிற்கின்றன, பகலில் அதே முறையில் 1/800 வந்தது என்று எழுதியிருக்கிறாய். மேலே உள்ள சின்னப் பிளாஷைத் திறந்திருப்பாய். அபேச்சரை நாம் தெரிவுசெய்யும் முறையில் பிளாஷ் திறந்தால், பல கமராக்கள் 1/60க்குக் கீழே போக விடாது. மேலேயும் ஓர் எல்லை உண்டு, பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து நிற்பதில்லை. ஒரு கீற்று மட்டும் ஓடும், பிளாஷ் வெளிச்சம் அந்தக் கீற்றில்தான் விழும். அதனால் நீ 1/1000 வைத்திருந்தாலும் கமரா அதை இறக்கிவிடும். பிளாஷை மூடினால் பழைய எண் திரும்பி வரும்.

கோட்டைப் படங்களில் சூம் செய்யும்போது வேகம் குறைந்தது என்று நீ சொன்னது லென்ஸினால் வருவது. சூமை 18 மி.மீ. இல் வைத்து எஃப் 3.5இல் எடுத்தாய், பிறகு 140 மி.மீ. வரை சூம் செய்தாய். எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிது. உன் லென்ஸ் அந்தக் கோடியில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. வெளிச்சம் குறைய, 1/250ஆக இருந்தது 1/100 ஆகும். தானியங்கி ஐஎஸ்ஓவும் சேர்ந்து இயங்கினால் இன்னும் குழப்பம். சூமுக்கு ஏற்ப ஆகக்குறைந்த வேகத்தையும் அது தானே மாற்றிக்கொள்ளும்.

இனி நீ செய்ய வேண்டியது. பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் ஒரு வெறுஞ்சுவரைப் பார்த்துக் கமராவை முக்காலியில் வை. முறைச் சில்லை எம்முக்கு, எல்லாவற்றையும் நாமே வைக்கும் முறைக்குத் திருப்பு. சி1, சி2 என்ற இடங்களில் வைத்துச் சோதிக்காதே. அங்கே நீ மாற்றுவது, கமரா தூங்கி எழுந்ததும் முன்பு பதிந்து வைத்ததற்கே திரும்பிவிடும். அதைக் கண்டும் பலர் கமரா பழுது என்று பயந்திருக்கிறார்கள். தானியங்கி ஐஎஸ்ஓவை நிறுத்து, பிராக்கெட்டிங்கைச் சுழியமாக்கு, பிளாஷை மூடு, சூமைத் தொடாதே. 1/125இல் தொடர்ச்சியாக எடு. எண் அசையாமல் நின்று, படங்களும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் கமரா நலம்.

மின்விளக்கின் கீழ் மட்டும் இதைச் செய்யாதே. எல்ஈடி விளக்குகள் பல நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கும். கனடாவில் 60 ஹேர்ட்ஸ், அங்கே 120 முறை. ஷட்டர் வேகம் கூடியிருந்தால் ஒரு படம் துடிப்பின் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் விழும். மீற்றரே தடுமாறி, பிரேமுக்குப் பிரேம் வேறு எண்ணைத் தரும். நான் இங்கே மணவறை விளக்குகளுக்கு 1/100 அல்லது 1/50இல் நிற்கிறேன். நீ அங்கே 1/125 அல்லது 1/60 வை. ஊருக்கு வந்தால் மாற்ற மறந்துவிடாதே.

உண்மையான பழுது எண்ணையும் மாற்றும் இடம் ஒன்று உண்டு. அது பின்சில்லு. மெதுவாக ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பிப் பார். 1/60, 1/80, 1/100, 1/125 என்று வரிசையாகப் போக வேண்டும். 1/80இலிருந்து 1/60க்குப் பின்வாங்கினால், அல்லது ஒரு சொடுக்குக்கு இரண்டு மூன்று எண் தாவினால், சில்லின் அடியில் உள்ள தொடுகை அழுக்கேறியிருக்கிறது. சென்ற மாதம் குருநகர்க் கரையில் வேலை செய்யும் ஒரு தம்பி இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். சில்லின் பற்களுக்கிடையில் வியர்வையும் கடலுப்பும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பெருவிரலால் தள்ளினால் சொடுக்கின் சத்தம் கேட்டது, எண் அசையவில்லை. மறுபடி தள்ளினால் மூன்று இடம் பாய்ந்தது. உனக்கு இப்படி இருந்தாலும் சில்லைத் துப்புரவாக்கினால் அல்லது அந்தச் சிறு பகுதியை மாற்றினால் போதும். ஷட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1990களில், போர்க்காலத்தில், பற்றரி அரசின் தடைப்பட்டியலில் இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் ஊரே வானொலி கேட்டது. நம் கமராவின் மீற்றர் செத்துக் கிடந்தது, ஷட்டர் மட்டும் சுருள்வில்லின் பலத்தில் ஓடியது. ஸ்ரூடியோ முதலாளி முற்றத்தில் நம்மை நிறுத்தி, நிழலைப் பார்த்து வெளிச்சம் சொல்லப் பழக்கினார். நிழல் கூராக விழும் வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 16, 1/125. எஃப் 8 என்றால் 1/500. இன்றும் அது பொய்க்கவில்லை. உன் கண்ணுக்கு அது மறந்திருக்காது. வெயில் நாட்களில் கமராவை எம்மில் வைத்து அப்படியே எடுத்துப் பார். எண்ணை நீ வைப்பாய், நீ மாற்றும் வரை அது மாறாது. அந்தச் சுகத்தை நீ மீண்டும் அனுபவிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்றப்படி, ஸ்ரூடியோவில் பழைய இருட்டறையை இடிக்காமல் வைத்திருக்கிறேன். மகள் அதில் பிலிம் கழுவிப் பழகுகிறாள். மாரியில் ஈரம் ஏறி ஒரு பழைய லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, மற்றவை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் தப்பின. ஆனையிறவுப் பக்கம் பூநாரைகள் வந்திருப்பதாகக் கேள்வி. ஒரு விடியலில் போகலாம் என்று இருக்கிறேன்.

கலியாணப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தாய். அப்படி அனுப்பினால் படத்தோடு இருக்கும் விபரங்கள் போய்விடும். அவற்றை மூலப் பைல்களாக மின்னஞ்சலில் அனுப்பு, சுவர்ச் சோதனைப் படங்களையும் சேர்த்து. பார்த்து உடனே எழுதுகிறேன். அதுவரை அந்தத் திருத்துநரிடம் காசு கொடுத்துவிடாதே. மாமியை நான் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஸ்ரூடியோ நண்பன்