திவானை நாடு கடத்தும் படலம்

செங்கோட்டை
ஆடி 12

அன்புள்ள ராஜிக்கு,

சித்திரையில் வந்த உன் கடுதாசிக்கு ஆடியில் பதில். திட்டுவதானால் போனில் திட்டு. கடுதாசியில் எழுதினால் அத்தான் எடுத்துப் படித்துச் சிரிக்கிறார். இங்கே எல்லாரும் சுகம். சாரல் விட்டபாடில்லை. பெரிய மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் அடுக்களை அழுக்கு துல்லியமாகத் தெரிகிறதாம்.

விஷயம் திவான்தான். சோபா, தலையணை, அத்தானின் வெள்ளை வேட்டி, ஒருநாள் ரசத்தில்கூட அவன் முடி. சரி, பூனை என்றால் கொட்டத்தான் செய்யும் என்று பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து மருமகள் பேசினாள். "ஓணம் லீவுக்கு வாறோம் அத்தே. பாப்பாவுக்கு வீசிங் இருக்கு, பூனைய எங்கயாவது விட்டுருங்களேன்." அத்தானுக்குக் கேட்க வேண்டுமா? "1956-லேயே செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தாச்சு, திவானுக்கு மட்டும் இங்க என்ன வேலை? சாக்குல கட்டி ஆரியங்காவு தாண்டி விட்டுருதேன், அவன் ராஜ்யத்துலயே இருக்கட்டும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

கொழுந்தன் காரில் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கூடைக்குள் ஒப்பாரி. நம்ம பிள்ளைகள் வயதில் ஒரு டாக்டரம்மா. வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள். தொடையிலும் அடிவயிற்றிலும் முடி கத்தரித்தாற்போல் கட்டையாக நின்றது. பல் நெருக்கமான சீப்பால் வாரி, அதில் வந்த கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் தட்டினாள். தூளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கரைந்து பரவியது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அத்தனையும் திவான் ரத்தம்! "பாதி முடி தானாக் கொட்டலம்மா. பூச்சிக்கடி ஒத்துக்காம இவனே நக்கிப் பிடுங்குறான்" என்றாள். படர்தாமரையாக இருந்தால் நமக்கும் ஒட்டுமாம். அதற்கும் முடி எடுத்து வைத்திருக்கிறாள். அத்தான் ஊட்டும் தயிர்ச்சோற்றுக்குத் தனியாக ஒரு அர்ச்சனை: பூனைக்கு மீனும் கறியும்தான் உடம்பில் பிடிக்குமாம். இப்போது புளியரை வழியாக வருகிற சாளையை உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் அவித்து வைக்கிறேன். துரை தட்டை நக்கித் துடைக்கிறார்.

ஏட்டி, இதைக் கேளு. பக்கத்து வீட்டில் நாய்க்கு ஊற்றுகிற தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறது, வாங்கிக்கொள் என்றார்கள். டாக்டரம்மா பதறிவிட்டாள். நாய் மருந்து சிலதில் பெர்மெத்ரின் என்று ஒரு பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடுமாம். உன் தெருவில் பூனை வளர்க்கிறவர்களிடம் சொல்லிவை. பூனைக்கென்று உள்ள மருந்தை எடைக்குத் தக்கபடி, நாக்கு எட்டாத பிடரியில் விட்டிருக்கிறோம். முட்டையும் புழுவும் பாயிலும் சமுக்காளத்திலும் கிடக்குமாம். எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசுகிறேன். இந்தச் சாரலில் எதைக் காயப்போட, சொல்லு.

மிச்ச முடிக்கு ஒரு வழி உண்டு. ரப்பர் கையுறையை நனைத்து உதறிவிட்டு முதுகைத் தடவினால் உதிர்ந்த முடியெல்லாம் திரளாக வந்துவிடுகிறது. சோபாவுக்கும் அதேதான்.

ஆனால் பாப்பா? ஒவ்வாமைக்கு முடி குற்றவாளியே இல்லையாம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் காய்ந்து தூசியோடு பறக்கிறது. மொட்டைப் பூனைக்கும் அது உண்டு. பூனையைக் கொண்டுபோய் விட்டாலும் மாதக்கணக்கில் வீட்டில் தங்குமாம். ஆக, அத்தானின் சாக்குத் திட்டம் உடனே ஒன்றுக்கும் உதவாது. இதை மருமகளிடம் சொல்லி, முதலில் பாப்பாவுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்துப் பார்க்கச் சொன்னேன். சரி என்றாள், குரலில் சரி இல்லை. நான் நியாயம் பேசிவிட்டேன் ராஜி. ராத்திரி அந்தப் பிள்ளைக்கு இழுத்தால் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். ஆவணி பிறந்ததும் ராஜபாளையத்துக்குக் கொண்டுவருகிறேன், ஓணம் முடியும்வரை திவானை வைத்துக்கொள்வாயா? எனக்கும் வீட்டைக் கழுவித் துடைக்க நாள் கிடைக்கும். தெள்ளு ஒழிந்தபிறகுதான் அனுப்புவேன், பயப்படாதே. அண்ணாச்சி முறுக்கிக்கொண்டால் பழைய கொல்லம் மெயில் கதையை எடுத்துவிடு, வாயை மூடிக்கொள்வார். கடுதாசி வேண்டாம், உடனே போன் போடு.

உன்
செல்லம்மா