வெள்ளைப் பூவை வரைய நிழல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு சிறுவர் பகுதியில் வண்ணம் தீட்டுவதற்காக நீங்கள் தரும் பூப் படங்களைத் தவறாமல் பார்க்கிறேன். கோடுகள் அழகு. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது எந்தப் படத்திலும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நீர்வண்ணத்தில் பூக்கள் வரைகிறேன். தங்கை இறந்த பிறகு தொடங்கிய பழக்கம். அவளுக்குப் பிடித்த அடுக்கு நந்தியாவட்டையையே முதலில் எடுத்தேன். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பெரும்பாலும் பூசுவதில்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைக்கிறோம். அப்புறம் வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூ எப்படித் தெரியும்? இதழ் மடிகிற இடம், ஓர் இதழின் நிழல் அடுத்ததன் மேல் விழுகிற இடம், பின்னால் இருக்கும் இலைகளின் இருட்டு, இவற்றை வரைந்தால் பூ தானாக எழுந்து வருகிறது.

அந்த நிழல் கறுப்பும் இல்லை, வெறும் சாம்பலும் இல்லை. வெயில் நேராகப் படாத பக்கத்தில் வானத்தின் நீலம் இறங்கியிருக்கும். அடியில் இலை இருந்தால் இதழின் கீழ்ப்புறத்தில் பச்சை ஏறும். வெயில் ஊடுருவி வரும் இதழோ நிழல் பக்கத்திலேயே இளமஞ்சளாக ஒளிரும். பக்கத்து நிறமும் கண்ணை மாற்றிவிடும். பிரான்ஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரெல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்திருந்த நீலத்தாலும் ஊதாவாலும் வந்தது என்று கண்டார். 1839-இல் நிறங்களின் இந்த உறவைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார். நான் கறுப்பு ட்யூபைத் தொடுவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா பழுப்பைக் கலந்தால் போதும். நீலம் கூடினால் நிழல் குளிரும், பழுப்பு கூடினால் கதகதப்பாகும்.

தங்கை போன பிறகு, "அதையே நினைக்காதே, நல்லதை மட்டும் நினை" என்றார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனால் நோயில் கிடந்த அந்த மாதங்களை ஒதுக்கிவிட்டு அவளை நினைக்க எனக்கு வரவில்லை. அப்போதுதான் நாங்கள் மனம்விட்டுப் பேசினோம், சண்டையும் போட்டோம். வலி குறைந்த ஒரு மதியம், சின்ன வயதில் என் ரிப்பனைக் கத்தரித்தது தான்தான் என்று சொல்லிச் சிரித்தாள். இதழின் நிழல் பக்கத்தில் இத்தனை நிறங்களைப் பார்த்த பிறகு, அந்த மாதங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

சரி, பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம். படத்தின் ஒரு மூலையில் சின்னச் சூரியனைப் போடுங்கள். நிஜப் பூ ஒன்றை வெயிலில் வைத்து, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் என்னென்ன நிறம் தெரிகிறது என்று பார்த்துத் தீட்டச் சொல்லுங்கள். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், நிழலின் எல்லையை முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளும்படியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்