ஐந்து முறை வந்தும் எரியாத பின்விளக்கு: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். 2008-இல் உங்கள் நிறுவனத்திடம் வாங்கிய காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். 2023-இல் பதிவையும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாயிற்று. எஞ்சினில் குறை சொல்ல மாட்டேன். குறை பின்விளக்கில். அதைவிடப் பெரிய குறை, திருநெல்வேலியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில்.

பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. பார்க்கிங் விளக்கைப் போட்டுக்கொண்டு மிதித்தால் இருக்கிற வெளிச்சமும் அணைகிறது. இது என்ன கோளாறு என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வண்டி நீங்கள் செய்ததுதானே!

முதல் தடவை பல்பை மாற்றினார்கள். இரண்டாம் தடவையும் அதே பல்பு. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்சை முழுதாக மாற்றி, மொத்தம் 4,860 ரூபாய் வாங்கினார்கள். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் பழைய கதைதான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து போக முப்பது கிலோமீட்டருக்கு மேல், வர முப்பது. அதுவும் பிசான நெல் அறுவடை நேரம். வயலில் மிஷின் நிற்கிறது, நான் உங்கள் வரவேற்பறையில் டோக்கனோடு நிற்கிறேன். ஒரு போக விளைச்சலே கைவிட்டுப் போனதாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

நான்காம் தடவை நடந்ததை மறக்க முடியாது. எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவரையும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் சர்வீஸ் அட்வைசர் நாற்காலியைவிட்டு எழாமல், “அந்தப் பழைய வண்டிக்காரரை வரச் சொல்லு” என்று உள்ளே குரல் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும். அதற்குக் காயலான் கடையில் போட்டுவிடலாமே” என்றார். அறுபத்து மூன்று வயதில் கேட்க வேண்டிய பேச்சா இது? ஐந்தாம் தடவை போனால் அவருக்கு விடுமுறையாம், அவர் இல்லாமல் வண்டியைத் தொட மாட்டார்களாம். வாயிலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

சேரன்மகாதேவியில் சாலையோரம் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் தம்பி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். டிக்கியைத் திறந்து, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரிலும் மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத தகரத்திலும் வைத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. “எர்த் இல்லை, அண்ணாச்சி. கரண்ட் வண்டித் தகரத்துக்குத் திரும்புகிற வழி சரியில்லை. அதனால் கரண்ட் இண்டிகேட்டர் வழியாகச் சுற்றிப் போகிறது” என்றான். எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட் துருவேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது வாஷர் போட்டு முடுக்கினான். கூலி 150 ரூபாய். அன்றிலிருந்து பிரேக் விளக்கு, பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாம் தனித்தனியாக ஒழுங்காக எரிகின்றன. பல்பை இரண்டு முறை கழற்றியவர்கள் கண்ணில் அந்த போல்ட் படவே இல்லையா?

சொல்ல விட்டுப்போனது: இரண்டாம் தடவைக்குப் பிறகு ஓர் இரவு பத்தமடைக்கு அருகே பின்னால் வந்த லாரி என்னை உரசாமல் போனது நெல்லையப்பர் அருள். உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு எத்தனை முறை பேசினேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ‘பதிவு செய்துகொண்டோம்’ என்ற ஒரே பதில்.

உங்கள் மீது இன்னும் மரியாதை இருப்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். 4,860 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். கழற்றிய பழைய சுவிட்சும் வேண்டும். அது நன்றாகத்தான் இருந்தது. அலைச்சலுக்கு 50,000 ரூபாய் தரவேண்டும். அந்த அட்வைசர் நேரில் இல்லாவிட்டாலும் எழுத்திலாவது வருத்தம் தெரிவிக்கவேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அங்கே வக்கீல் வைக்கவேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே தயவுசெய்து கவனிக்கவும்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று பில்களின் நகல், துருவேறிய வாஷரின் புகைப்படம்.

பின்குறிப்பு: பின்விளக்கு மூடியில் ஒரு திருகைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதையும் அனுப்பி வைக்கவும்.