கட்டில் கயிற்றுக்கு ஒரு தரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மரச் சாமான்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் தொழிலில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், தென்னை நார்க் கயிறும் பனை நாரும் மீண்டும் நம் வீட்டுச் சாமான்களில் இடம்பெறுவது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாக வாசகர்களுக்கும், கயிறு தொழிலுக்குப் பொறுப்பான அரசுத் துறையினருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தேக்கிலும் பூவரசிலும் செய்த பழைய கட்டில் சட்டங்களும் சாய்வு நாற்காலிகளும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. நகரத்து வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் அவற்றை விரும்பி வாங்கிச் செல்கிறார்கள். மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முனையான கழுந்து தளர்ந்திருந்தால் தச்சர் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். சிக்கல் கயிற்றில்தான் தொடங்குகிறது. அறுந்துபோன நார்க் கயிற்றை அகற்றிவிட்டு நைலான் கயிறோ பிளாஸ்டிக் பட்டையோ கட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதற்குக் கட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் அவருக்குக் கிடைப்பது அதுதான்.

இதே சிவகங்கை மாவட்டத்தில், தென்னை நார்க் கயிற்றுக்குப் பெயர்பெற்ற சிங்கம்புணரி இருக்கிறது. ஆனால் நம் பகுதிக் கடைகளில் சில்லறையாகக் கிடைப்பது பெரும்பாலும் பந்தலுக்கும், சாரத்துக்கும், வைக்கோல் கட்டவும் உதவும் கயிறு. அது ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், முறுக்கு தளர்ந்திருக்கும், கையால் உருவினால் நார் பிரிந்து வரும். கட்டிலுக்கு வேண்டியது ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனில், ஒரே சீராக, இறுக்கமாகத் திரித்த இரண்டு புரிக் கயிறு. இடையில் முடிச்சு இல்லாமல் நீளமாகவும் கிடைக்க வேண்டும். தடிமன் மாறும் கயிற்றில் பின்னினால், மெலிந்த இடத்தில் இழுவை முழுவதும் குவிந்து முதலில் அங்கேதான் அறும்.

நைலான் வலுவானதுதானே, அதில் என்ன குறை என்று பலர் கேட்கிறார்கள். வலு இருப்பது உண்மை. ஆனால் அது வழுக்கும் இழை, முடிச்சு நிற்காது. பாரம் ஏறினால் நீண்டு, இறங்கினால் மீண்டும் சுருங்குவதால், இறுகக் கட்டிய நைலான் பழைய சட்டத்தின் விளிம்பை ஓயாமல் அறுத்துக்கொண்டே இருக்கும். நைலான் கட்டியிருந்த கட்டில்களைப் பிரிக்கும்போது சட்டத்தின் உள்விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நார்க் கயிறு தேய்ந்தால் கயிற்றை மாற்றிக்கொள்ளலாம். தேக்குச் சட்டம் தேய்ந்தால் மாற்றுவதற்கு அதே மரம் எங்கே கிடைக்கும்? வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்வதும், அந்தத் துகள்கள் மண்ணிலேயே தங்கிவிடுவதும் தனிக் கேடு.

தென்னை நார் இந்த வேலைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அதில் லிக்னின் என்னும் மரப்பொருள் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறது. சணலில் அது ஏறத்தாழ 12 விழுக்காடுதான். ஈரத்தை எதிர்த்து நிற்கும் திறன் தேங்காய் நாருக்கு இருப்பதும், நனைந்த சணல் சீக்கிரம் மக்குவதும் இதனால்தான். ஆகவே திண்ணையிலும் முற்றத்திலும் போடும் கட்டிலுக்குத் தென்னை நார்க் கயிறும், வீட்டுக்குள் இருக்கும் முக்காலி, விளக்கு, அலமாரிக் கைப்பிடி போன்றவற்றுக்கு மென்மையான சணலோ பருத்திக் கயிறோ என்று தேர்ந்துகொள்வது நல்லது.

கட்டும் முறையிலும் கவனம் தேவை. கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே பின்ன வேண்டும். உலர்ந்த நார் மடிப்பில் உடையும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மரக்கட்டையால் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியையும் முன் வரியோடு நெருக்க வேண்டும். கால்மாட்டுச் சட்டம் வரை பின்னலைக் கொண்டு போகாமல் முக்கால் அடி முன்பே குறுக்காக ஒரு தடித்த கயிற்றில் நிறுத்தி, அந்தக் கயிற்றையும் சட்டத்தையும் இழுகயிற்றால் இணைப்பது பழைய முறை. தென்னை நார் பாரத்தில் நீளும் தன்மை உடையது. புதிதாகக் கட்டிய கட்டில் சில வாரங்களில் தொய்வது இயற்கை. அப்போது இழுகயிற்றை மட்டும் இறுக்கினால் போதும், முழுக் கட்டிலையும் பிரிக்க வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் அழகுக்காகச் செய்யப்படும் கட்டில்களில் இந்த இழுகயிற்றையே விட்டுவிடுகிறார்கள். அவை தொட்டிலாகத் தொய்ந்த பிறகு, நார்க் கயிறு உழைக்காது என்ற பழி கயிற்றின்மேல் விழுகிறது.

நார்க் கயிற்றிலும் குறைகள் உண்டு; அவற்றை மறைப்பது முறையல்ல. பிசிறு உடம்பில் குத்தும். பின்னி முடித்த பிறகு கோணிச் சாக்கால் அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலே பாயோ ஜமுக்காளமோ விரித்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மழைக்காலத்தில் காற்றோட்டம் இல்லாத அறையில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கயிற்றுக் கட்டிலை மக்கள் கைவிட்டதற்கு மூட்டைப்பூச்சி ஒரு முக்கியமான காரணம். கொதிநீர் ஊற்றிக் கடும் வெயிலில் கட்டிலைச் சாய்த்து வைக்கும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கைக்கொள்ள மனம் உள்ளவர்கள்தான் இதை வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வீட்டு அலங்காரத்துக்குக் கயிறு சுற்றும் பழக்கம் இளைஞர்களிடம் பரவிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பிளாஸ்டிக் குடத்தின் மேல் சூடான பசையை ஊற்றிக் கயிற்றை ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகிவிடும். ஒட்டிய கயிற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தவும் முடியாது. ஆடிப்போன நாற்காலிக் கால், பிடி கழன்ற கூடை, விளிம்பு உடைந்த மண்தொட்டி போன்றவற்றைச் சுற்றும்போது, தொடக்கத்திலேயே கயிற்றின் முனையைக் கண்ணியாக மடித்து வைத்து, அதன்மேல் இறுகச் சுற்றி, கடைசி முனையைக் கண்ணிக்குள் விட்டு அடியில் இழுத்துப் புதைத்தால் பசையே வேண்டாம். கயிற்றின்மேல் வார்னிஷ் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். நார் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும்.

பனை நாரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் பனை மட்டையிலிருந்து உரித்து எடுத்த நாரைக் கொண்டு பின்னிய நார்க் கட்டில்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. தட்டையான அந்த நார் உடம்பில் குத்தாது. கோடையில் குளுமையாக இருக்கும். பின்னல் பழகப் பழகப் பளபளப்பு ஏறும். இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை, மட்டை போதும். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டுக்குத் திட்டம் அறிவித்து, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அரசு சொன்னது. மரத்தைக் காப்பதோடு, நார் உரிக்கவும் பின்னவும் தெரிந்த முதியவர்களிடமிருந்து அந்தக் கைவேலையை இளையவர்கள் கற்பதற்கும் அத்திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

கேரளத்தில் தென்னங்கயிற்று இழைக்கு அஞ்செங்கோ, வைக்கம், பேப்பூர் என்று ஊர்ப் பெயரிலேயே வகைகள் வழங்கிவருகின்றன. பெயரைச் சொன்னாலே முறுக்கும் பருமனும் எப்படி இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். டென்மார்க்கில் 1950-லிருந்து தயாராகும் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் நாற்காலி ஒன்றின் இருக்கையை ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையாலேயே பின்னுகிறார்கள். அதற்கான கயிறு தனியாகவும் விற்கப்படுவதால், இருக்கை தேய்ந்தாலும் நாற்காலி பிழைத்துக்கொள்கிறது. நாமோ பழுப்பு நாரையும் நார்த்துகளையும் கட்டுக்கட்டாக அழுத்திச் சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, பக்கத்து ஊர்க் கட்டிலுக்கு நைலான் வாங்குகிறோம். ஏற்றுமதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நாரில் ஒரு சிறு பங்கு கட்டில் கயிறாக இங்கேயே திரிக்கப்பட்டால், ராட்டையில் உட்காரும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலியும் உயரும் என்பதுதான் என் வாதம்.

ஆகவே, 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய கயிறு வாரியமும், கோயம்புத்தூரில் மாநில அரசு தொடங்கியுள்ள கயிறு வணிக மேம்பாட்டு நிறுவனமும் கட்டில் கயிற்றைத் தனி வகையாக ஏற்று, அதன் தடிமன், முறுக்கு, குறைந்தபட்ச நீளம் ஆகியவற்றை வரையறுக்க வேண்டும். கயிறு கூட்டுறவுச் சங்கங்கள் அதை ஒரு கட்டிலுக்குப் போதுமான அளவில் தனித்தனிச் சுருளாக்கி, கூட்டுறவு விற்பனை நிலையங்களிலும் உழவர் சந்தைகளிலும் சில்லறையாக விற்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பிரிவில் கட்டிலும் நாற்காலியும் பின்னும் பயிற்சியைச் சேர்த்தால், ஏற்கெனவே மரவேலை கற்கும் பிள்ளைகளுக்கு அது கூடுதல் வருமானமாகும். முதல் கட்டமாகச் சிங்கம்புணரிச் சங்கங்களில் இதைத் தொடங்கினால், அங்கே திரிக்கும் கயிற்றுக்குக் காரைக்குடியிலேயே வாங்குபவர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மரச் சாமான் பழுதுபார்ப்போர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.