பாப்பாவுக்கு, டிவிடி பெட்டி விஷயமாக

அன்புள்ள பாப்பா,

பெங்களூரிலிருந்து நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பெட்டி வந்து சேர்ந்தது. நானே பஸ் ஸ்டாண்டு போய் எடுத்து வந்தேன். வந்துவிட்டது என்று மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்புகிறாய். சரி, வேலை இருந்திருக்கும். போன் செய்தாலும் “அப்புறம் கூப்பிடறேன்ப்பா” என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். முடிந்தபோது படி.

“பிளேயர் போச்சு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்கப்பா” என்று பெட்டியின் மேல் சீட்டு ஒட்டியிருந்தாய். ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தம்பி யூஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக் கொடுத்தான். கற்றுக்கொடுத்ததும் அவன்தான். இரண்டாவது தடவை கேட்டால் எரிந்து விழுகிறான், உன் பொறுமை அவனுக்கு இல்லை.

விசிடியில் வேலையே இல்லை. உள்ளே எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், அதில் பெரிய டேட் (.dat) ஃபைல் ஒன்று. அதை அப்படியே காப்பி செய்தால் போதும். 352-க்கு 288 புள்ளிதான் அந்தப் படம். நம் புது டிவியில் முகமெல்லாம் கரைந்து தெரிகிறது. எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இல்லாத தெளிவு வராது, விட்டுவிட்டேன். டிவிடிக்குத்தான் நேரம் பிடிக்கிறது. படத்தை ஒரு ஜிபி துண்டு துண்டாக வைத்திருப்பார்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருள் அதையெல்லாம் சேர்த்து, தரம் குறையாமல் ஒரே ஃபைலாக எடுத்துத் தருகிறது. ஒரு அடுக்கு டிஸ்க் என்றால் 4.7 ஜிபி வரை, இரண்டு அடுக்கு என்றால் 8.5 வரை. இடம் போதவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டுச் சுருக்கலாம். உனக்குப் பிடித்த படங்களை நான் சுருக்கவில்லை. பெரிதாகவே இருக்கட்டும்.

2007-இல் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோது நான் வாங்கிக் குவித்ததும், உன் அம்மா பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறதா? அந்தக் கவர்களில் நம்பர் போட்டு, நோட்டில் பெயர், வருஷம், நடிகர் எல்லாம் எழுதி வைத்தது நீ. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போது பெயர் வைக்கிறேன். ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளில்தான் எல்லாம் அடுக்குகிறேன். அதற்குப் படத்தின் பெயரும் வருஷமும் சரியாக இருந்தால்தான் போஸ்டரெல்லாம் ஒழுங்காக வரும். நீ எழுதிய வருஷம் ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பியிடம் காட்டினேன். இத்தனை ஒழுங்காக எழுதி வைத்த பெண், வாரம் ஒரு போன் செய்ய மறந்துபோகிறாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பெட்டியில் மாப்பிள்ளை வாங்கிய படங்கள் ஒன்றுமே இல்லை. ப்ளூரே எல்லாம் வாங்குவாரே. என் டிரைவில் ப்ளூரே ஓடாது, ஒன்றே 25 ஜிபி, 50 ஜிபி வரும். அதனால் நீ அனுப்பாததும் நல்லதுதான். சும்மா கேட்டேன்.

உன் சர்டிபிகேட் எல்லாம் எங்கே வைத்திருக்கிறாய்? ஸ்கேன் செய்து எனக்கும் ஒன்று அனுப்பிவிடு. எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், இரண்டு வாங்கி ஒன்றைப் பாலக்கோட்டில் சித்தப்பா வீட்டில் வைக்கப் போகிறேன். சம்பளம் உன் பெயரில் இருக்கிற கணக்கில்தானே விழுகிறது? பழைய கணக்கை மூடிவிடாதே.

அரூர் அத்தை வந்திருந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினோம். பாலக்கோட்டில் தக்காளி விலை மறுபடி விழுந்துவிட்டது, சித்தப்பா புலம்புகிறார். வேறு செய்தி இல்லை.

பெட்டியின் அடியில் துண்டில் சுற்றி உன் கல்யாண டிவிடி மூன்றும் இருந்தன. தெரிந்துதான் வைத்தாயா, கலந்து வந்துவிட்டதா தெரியவில்லை. இதையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்கத்தான் அத்தனை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடையில் வாங்குகிற டிவிடி அச்சில் அடித்தது, தாங்கும். ஸ்டுடியோக்காரர்கள் கொடுப்பது சாயப் பூச்சில் எழுதியது. வெயிலிலும் சூட்டிலும் சாயம் வெளுத்தால் டிரைவால் படிக்க முடியாது. காத்திருந்தால் போய்விடும் என்று அதை முதலில் எடுத்துவிட்டேன். இரண்டாவது டிஸ்க் பந்தியில் வந்து நின்றுவிட்டது. அத்தை வடையை வாய்க்குக் கொண்டுபோன இடத்தில் அசையவே இல்லை, அம்மா சிரித்துவிட்டாள். வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். நீயும் அப்படியே துடை. துடைத்தும் ஓடவில்லை. தம்பி வேறு ஏதோ மென்பொருள் போட்டான். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வந்து மறுபடி மறுபடி முயற்சி செய்கிறது. ராத்திரி முழுக்க ஓடி, பந்தியில் கொஞ்சம் தவிர எல்லாம் வந்துவிட்டது.

ஜெல்லிஃபின் அதையும் சினிமா என்று நினைத்து ஏதோ இங்கிலீஷ் படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டது. அதனால் வீட்டு வீடியோ என்று தனிப் பிரிவு போட்டு அதில் வைத்தேன். யார் யாருக்கு எந்தப் பிரிவு தெரிய வேண்டும் என்று அதில் குறிக்கலாம். உன் பெயரில் திறந்தால் அந்தப் பிரிவு தெரியாது. வேண்டும் என்றால் சொல், ஒரு டிக் போட்டால் வந்துவிடும். வேண்டாம் என்றாலும் ஒன்றுமில்லை. அழிக்க மாட்டேன். அதில் உன் பாட்டி இருக்கிறாள், நடக்கிற பாட்டி. எங்களுக்கு அது வேண்டும்.

அம்மா எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை.

ஹார்ட் டிஸ்க்கை பார்சலில் அனுப்ப மாட்டேன். எங்காவது இடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். தைப்பூசத்துக்கு வந்து நீயே வாங்கிக்கொள். குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் தேர் இழுக்கும்போது நீ எங்கே நிற்பாய் என்று அம்மாவுக்கு இன்னும் அடையாளம் தெரியும். மாப்பிள்ளை வந்தால் சந்தோஷம். வராவிட்டால் நீ மட்டும் வா, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அத்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். லீவு எத்தனை நாள் என்றெல்லாம் கணக்குப் பார்க்காதே. துணி கொஞ்சம் கூடவே எடுத்து வா, உன் ரூமில் அடைத்து வைத்திருந்த மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. சர்டிபிகேட்டை மறக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு: நோட்டில் 47-ஆம் நம்பர் எழுதியிருக்கிறாய், கவர் காலியாக இருக்கிறது. டிஸ்க் பழைய பிளேயருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். பிளேயரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் பார்.