கட்டையை எண்ணுவதில் கோட்டை விடுகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அதற்கான நுழைவுத் தேர்வான டிஏடிக்கு பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் நன்றாகப் படித்தால் போதும், மற்றதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. நம் வீடுகளில் ஏற்கெனவே ஊறிப்போன நினைப்பு அது. அச்சிலும் ஏறிவிட்டால் வேதவாக்காகிவிடும் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அறிவியல் பகுதியில் பயாலஜி 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் (கரிம வேதியியல்) 30 என மொத்தம் 100 கேள்விகள், 90 நிமிடம். அடுத்து பெர்செப்ச்சுவல் எபிலிட்டி, அதாவது உருவங்களைக் கண்ணால் பார்த்துக் கணிக்கும் திறனைச் சோதிக்கும், பிள்ளைகள் பிஏடி என்று சொல்லும் பகுதி: 90 கேள்விகள், 60 நிமிடம். அரை மணி இடைவேளைக்குப் பிறகு ரீடிங்: மூன்று உரைப்பகுதிகளைப் படித்து 50 கேள்விகளுக்கு 60 நிமிடத்தில் விடை சொல்ல வேண்டும். கடைசியாகக் கணிதம், 40 கேள்விகள், 45 நிமிடம். 'அகடமிக் ஆவரேஜ்' என்பது பயாலஜி, பொது வேதியியல், ஆர்கானிக், ரீடிங், கணிதம் ஆகிய ஐந்தின் சராசரி. ஐந்துக்கும் ஒரே எடை. ஆக, பயாலஜிக்கு ஆறு வாரம் ஒதுக்கிவிட்டு ரீடிங்கையும் கணிதத்தையும் பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் தொடுகிற பிள்ளை, சராசரியில் ஐந்தில் இரண்டு பங்கைக் காற்றில் விடுகிறது.

பிஏடி இந்தச் சராசரியில் சேராது என்பது உண்மைதான். ஆனால் மதிப்பெண் தாளில் அது தனியாக நிற்கும், கல்லூரிகள் அதைத் தனியாகவே பார்க்கும். முன்பு சாக்பீஸைச் செதுக்கச் சொல்லிக் கையைச் சோதித்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கண் சோதனை. சிறு கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பல்லைப் பார்த்துக் குடைகிற தொழிலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தத் திறமை மனப்பாடத்தில் வராது. கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்வதைவிட, முதல் நாளிலிருந்து தினம் அரை மணி உட்கார்வதுதான் பலன் தரும்.

பிஏடியில் ஆறு வகை, வகைக்கு 15 கேள்விகள். மிகச் சுலபமாக மதிப்பெண் தருவதும், கவனக்குறைவால் அதிகம் பறிகொடுப்பதும் கனசதுரம் எண்ணும் பகுதி. ஒட்டி அடுக்கிய கட்டைகளுக்கு, தரையில் படும் அடிப்பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கமும் வண்ணம் பூசியிருக்கிறது. இரண்டு பக்கம் வண்ணமுள்ள கட்டை எத்தனை, நான்கு பக்கம் உள்ளது எத்தனை என்று கேட்பார்கள். தரையில் மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கின்றன, நடுக்கட்டையின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளதற்கு 5 பக்கம். ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் தலா 4. நடுக்கட்டைக்கு முன்னும் பின்னும் மட்டும், ஆக 2. படத்தைப் பார்த்ததும் 0 முதல் 5 வரை ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடுகளின் கூட்டுத்தொகை மொத்தக் கட்டைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால், அதே படத்தில் வரும் அடுத்தடுத்த கேள்விகளுக்கு மறுபடி எண்ணவே வேண்டாம். பிள்ளைகள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, கீழ்வரிசைக் கட்டையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து எண்ணுவது. மற்றது, மேல்கட்டையைத் தாங்க வேண்டிய, கண்ணுக்குத் தெரியாத பின்வரிசைக் கட்டையை விட்டுவிடுவது.

காகிதம் மடித்துத் துளையிடும் பகுதிக்கு 4க்கு 4 கட்டம் வரைந்து, மடித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரித்துக்கொண்டு வர வேண்டும். வலது பாதியை இடப்பக்கம் மடித்து, மேல் பாதியைக் கீழே மடித்து, இடது கீழ் மூலையில் துளையிட்டால், பிரித்த காகிதத்தின் நான்கு மூலையிலும் துளை இருக்கும். இதில் யாரும் தவறுவதில்லை. வலது ஓரக் கால்பகுதியை மட்டும் மடிக்கும்போதுதான் வம்பு. மடித்த பகுதிக்குள் குத்தினால் இரண்டு துளை, அதற்கு அப்பால் ஒற்றைக் காகிதத்தில் குத்தினால் ஒன்றுதான். எல்லாவற்றையும் இரட்டித்துவிட்டுத் தவறான விடையைத் தட்டுவார்கள். முதல் வாரம் நிஜக் காகிதமும் பஞ்சிங் மெஷினும் வைத்துப் பழகட்டும், செயலி எதுவும் வாங்க வேண்டாம்.

கோணங்களை வரிசைப்படுத்தும்போது கோடுகளின் நீளம் கண்ணை ஏமாற்றும். முனையை மட்டும் பார்த்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் முதலில் பிடித்தால் பெரும்பாலும் விடை தானே விழும். இதைக் கணினித் திரையிலேயே பழக வேண்டும், அச்சிட்ட தாளில் பழகுவது உதவாது.

நேரம்தான் எமன். கேள்விக்கு 40 விநாடி. முதலில் வரும், உருவம் எந்தத் துவாரத்தில் நுழையும் என்ற கேள்விகளும் மேல், முன், பக்கத் தோற்றக் கேள்விகளும் ஆளை விழுங்கிவிடும். இந்தப் பகுதிக்குள் முன்பின் நகர அனுமதி உண்டு. எனவே 31ஆம் கேள்வியில் தொடங்கி, கோணத்துக்கு 6 நிமிடம், துளைக்கு 7, கனசதுரத்துக்கு 7, விரித்த அட்டையை உருவமாக மடிக்கும் கேள்விகளுக்கு 12 என முடித்துவிட்டு, முதல் முப்பதுக்குத் திரும்பலாம். அப்போது ஏறக்குறைய 28 நிமிடம் கையில் இருக்கும்.

ஊரிலிருந்து வரும் அறிவுரை பற்றியும் சொல்ல வேண்டும். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். அதனால் "தெரியாததை விட்டுவிடு" என்று சித்தப்பா தொலைபேசியில் சொல்வார். டிஏடியில் கழிப்பது கிடையாது. ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது. இயற்பியலும் தேர்வில் இல்லை, அதற்கு டியூஷன் வைப்பது வீண் செலவு.

அறிவியல் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, கணிதப் பகுதியில் மட்டும் திரையில் வரும். ஆகவே வேதியியல் கணக்கைக் கையாலேயே போட்டுப் பழக வேண்டும். லாக் 2 என்பது 0.30, லாக் 3 என்பது 0.48, இவ்வளவு நினைவிருந்தால் போதும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3×10⁻⁵ என்றால் பிஹெச் 5 கழித்தல் 0.48, அதாவது 4.52. கணிதத்தில் 'தரவு போதுமா' என்று கேட்கும் கேள்விகளில் விடையைக் கண்டுபிடிக்க உட்காரக் கூடாது. போதுமா இல்லையா என்று தெரிந்ததும் நகர்ந்துவிட வேண்டும்.

கட்டுரையில் இருந்த 1 முதல் 30 வரையிலான மதிப்பெண் அட்டவணை பழையது. 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200 முதல் 600 வரை, பத்துப் பத்தாக வருகிறது. பழைய எண்ணைப் புதியதோடு ஒப்பிடும் அட்டவணையை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே வெளியிட்டிருக்கிறது. இன்னொன்று, இந்தியாவில் பிடிஎஸ் முடித்துவிட்டு இங்கே வரும் மருமகள்களுக்கு டிஏடி பொருந்தாது. அவர்கள் எழுத வேண்டியது ஐஎன்பிடிஇ என்ற பல் மருத்துவ உரிமத் தேர்வு, விண்ணப்பிப்பது வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான காபிட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதியதால் படிப்பவர்கள் குழம்பியிருப்பார்கள்.

அடுத்த இதழில் அட்டவணைக்கு ஒரு திருத்தம் போட்டு, பிஏடிக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கனசதுரப் படம் ஒன்றையும் விடையோடு போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
டிஏடி பயிற்சி ஆசிரியை ஒருவர்,
எடிசன், நியூஜெர்சி