ஏழு வெள்ளியும் மறையாத ஊரில் இருக்கிற மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

"சப்தரிஷி மாசி பிறந்தால்தான் வரும் என்று சொல்லித் தந்தீங்கள், இங்கே இந்தக் கார்த்திகையிலும் அடிவானத்தில் பதிவாக நிற்குதே அம்மா" என்று போன கிழமை ஃபோனில் கேட்டாய். பேத்தி அழத் தொடங்க, கதை பாதியில் நின்றுவிட்டது. புவியியல் படிப்பித்தவளுக்கு இப்படிக் கேள்வி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? சரி, எழுதுகிறேன். சப்தரிஷி என்றால் அகப்பை வடிவில் நிற்கிற ஏழு வெள்ளிகள், ஏழு நட்சத்திரங்கள்.

வடக்கு வானத்து வெள்ளிகள் எல்லாம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவதுபோலத்தான் எங்களுக்குத் தெரியும். துருவன் நிற்கும் உயரம் ஊருக்கு ஊர் வேறு. அந்த ஊரின் அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை. எங்கள் கிளிநொச்சிக்கு 9.4. கையை நீட்டி விரல்களைப் பொத்தினால் அந்தப் பொத்தின கை அளவு உயரம்தான். எங்கள் வளவில் பனைகள் மறைத்துவிடும். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி வடக்கே வயல்வெளியைப் பார்த்தால் பிடிக்கலாம். நீ இருக்கிற ரொறன்ரோவில் அது 44 பாகைக்குக் கிட்ட. அவ்வளவு உயரத்தைச் சுற்றுவதால், ஏழு வெள்ளியும் வட்டத்தின் அடிக்கு வந்தாலும் அடிவானத்துக்குக் கீழே இறங்காது. இங்கே அந்த வட்டத்தின் கீழ்ப்பகுதி மறைந்துவிடும்.

அதனால்தான் எங்களுக்கு வருகையும் போக்கும் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் நாளுக்கு 4 நிமிடம் முந்தி உதிக்கும். மாதத்துக்கு 2 மணித்தியாலம். இரவு 9 மணியைக் கணக்குக்கு வைத்துக்கொள். தை கடைசியில் அகப்பையின் கிண்ணம் வடகிழக்கில் ஏறியிருக்கும், மாசி முடிய வாலும் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் வடக்கே உச்சத்தில் கவிழ்ந்து நிற்கும். ஆவணியில் கிண்ணம் வடமேற்கில் இறங்க, புரட்டாசியில் வாலும் போய்விடும். யுத்தத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கு எரித்த காலத்தில் இதெல்லாம் முற்றத்திலேயே தெரிந்தது. அந்தக் காலத்தை நான் புகழவில்லை. வெள்ளிகள் மட்டும் வடிவாகத் தெரிந்தன.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடிய எழும்புவேன். 5 மணிக்கு ஏழு வெள்ளியும் வடக்கே நல்ல உயரத்தில் இருக்கும். அந்நேரம் உனக்கு முதல்நாள் பின்னேரம் ஆறரை. பனிக்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம்தானே. அங்கேயும் இருண்டுவிடும். நான் கிழக்கு நெட்டாங்கு 80 பாகையில், நீ மேற்கு நெட்டாங்கு 79 பாகையில். உலக உருண்டையில் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம். ஆகவே எனக்கு அவை வட்டத்தின் உச்சியில் நிற்கும்போது உனக்கு அடியில் நிற்கும். எனக்குக் கவிழ்ந்த அகப்பை, உனக்கு நிமிர்ந்த அகப்பை, ஒரே நேரத்தில்! இந்த மார்கழியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்போம். சித்திரை, வைகாசி இரவில் இதைச் செய்ய முடியாது. எனக்கு 9 மணி என்றால் உனக்குப் பகல் பதினொன்றரை.

வாலின் நுனி உனக்கு வீட்டுக் கூரைகளுக்குள் போய்விடலாம். வசிட்டரும் அருந்ததியும் அந்தப் பக்கம்தான், நுனியிலிருந்து இரண்டாவது. அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கலியாணத்தில் ஐயர் பட்டப்பகலில் வாசலுக்குக் கூட்டிப்போய் அருந்ததியைக் காட்ட, நீயும் கண்டதுபோலத் தலையாட்டினாய்.

ஏரிக்கரைக்குப் போகாதே. ஏரி உங்களுக்குத் தெற்கே. வேண்டியது வடக்கே திறந்த வெளி. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம் போதும். இங்கே மார்கழி முகிலை நம்ப முடியாது, அதனால் ஒரு நாளோடு நிற்காமல் மூன்று நான்கு நாள் குறித்து அனுப்பு. மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. பேத்தியின் காதை நன்றாக மூடிக் கட்டு, போன முறை குளிர் பிடித்தது ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா